பாண்டீஸ்வரி மணியடிக்காத வியாழக்கிழமை

ஏந்தலூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த பாண்டீஸ்வரி ஒரு வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு லாங் பெல் அடிக்க மாட்டேன் என்று சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதனால் அன்றைக்கு எங்கள் ஊரில் சூரியன் இறங்கவில்லை. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நெற்றியைச் சுருக்குகிறார்கள். சுருக்கட்டும். பள்ளிக்கூடம் விடாமல் பொழுது எப்படிச் சாயும் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரு கடலைக் கிடங்கில் ஆரம்பித்தது. முதல் வருடம் பிள்ளைகள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள், பசித்தவர்கள் மூட்டையில் ஓட்டை போட்டார்கள், ஊர் அதற்குக் கடலைப் பள்ளிக்கூடம் என்று பேர் வைத்தது, அரசாங்கம் கட்டடம் கட்டிப் பெரிய எழுத்தில் வேறு பேர் எழுதிய பிறகும் அந்தப் பேர் போகவில்லை. முதல் தலைமையாசிரியர் அருளானந்தம், பழைய ரயில் பாதையைப் பெயர்த்தபோது ஒரு முழத் தண்டவாளத் துண்டை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து வேப்பமரத்தில் தொங்கவிட்டார். கூடவே ஒரு விதியும் போட்டார். அன்றைக்குக் கடைசியாக யார் வருகிறார்களோ அவர்கள்தான் சாயங்காலம் லாங் பெல் அடிக்க வேண்டும், அடிக்கும்வரை பள்ளியைவிட்டுப் போகக் கூடாது. தாமதப் பதிவேடு என்று ஒரு நீள நோட்டும் வைத்தார். அதில் பேர், வகுப்பு, வந்த நேரம், தாமதத்துக்குக் காரணம் என்று நான்கு கட்டங்கள். பிரம்படிக்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த தண்டனை அது. தண்டனை என்று அவர் நினைத்தார், எங்களுக்கு அது கிரீடம். தண்டவாளத்தில் ஓங்கி அடித்தால் உள்ளங்கையிலிருந்து தோள்பட்டை வரை ஏறும் அந்த அதிர்வுக்காகவே வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஒன்பதரைக்கு உள்ளே போனவர்கள் ஊரில் நிறையப் பேர்.

முதன்முதலில் மூன்று பெண்பிள்ளைகள் சேர்ந்த வருடம், ஆற்று வெள்ளம் ஏழாம் வகுப்பு வரை ஏறி வந்த வருடம், ஓட்டுக்கூரை பறந்துபோய் ஒரு மாதம் முழுக்கக் குடை பிடித்துப் பாடம் நடந்த வருடம், கக்கூஸ் கட்டித் தா என்று பெண்பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்த வருடம் என்று எல்லா வருடத்திலும் எல்லா நாளும் யாரோ ஒருவர் தாமதமாக வந்தார்கள், யாரோ ஒருவர் அடித்தார்கள், பொழுது ஒழுங்காகச் சாய்ந்தது.

பிறகு மஞ்சள் வேன்கள் வந்தன. இங்கிலீஷ் மீடியம், டை, ஷூ. நாங்கள்தான் அனுப்பினோம், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கடலைப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்றுதான் எங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டோம். எழுநூறு பேர் படித்த இடத்தில் நாற்பத்து மூன்று பேர் மிச்சம். அந்த நாற்பத்து மூன்றில் ஒருத்தி பாண்டீஸ்வரி. எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் இருந்தவள், தண்ணீர் வராத நாளில் லாரிக்குக் காத்திருந்தவள், அதனால் அநேகமாக எல்லா நாளும் தாமதமாக வந்தவள்.

அந்த வியாழக்கிழமை காலை தலைமையாசிரியை ஹெலன் ஜெபமணி வேப்பமரத்தடியில் ஓர் உத்தரவை வாசித்தார். மாணவர் எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழ் போய்விட்டதால் இன்றைய பள்ளி நேரம் முடிந்ததும் பள்ளி மூடப்படுகிறது, பிள்ளைகள் பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம், கட்டடம் வணிக வளாகத்துக்கு. வாசித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாண்டீஸ்வரியின் அப்பா சின்னக்காளை கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். செய்தி மண்டிக்குப் போன உடனே அவர் நூல் மில் வேன்காரனுக்குப் போன் போட்டார். பதினாறு கிலோமீட்டர் பஸ்ஸில் பெண்பிள்ளையை யார் அனுப்புவது, மில்லில் விடுதி இருக்கிறது, சோறு இருக்கிறது, நாளைக் காலை ஏழு மணிக்கு வந்து கூட்டிப்போ. மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கே வந்து மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். மூட்டை தூக்குகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகாதவர்கள் என்பதால் நாற்பத்து மூன்று பேருக்கும் அது கேட்டது.

நாலு பத்துக்கு ஹெலன் டீச்சர் வராந்தாவில் வந்து நின்றார்.

"அடி பாண்டீஸ்வரி. நேரமாச்சு."

"மாட்டேன் டீச்சர்."

"ஏன்டி?"

"நான் அடிச்சா ஸ்கூல் முடிஞ்சிரும். நாளைக்கு வேன் வந்துரும். நான் அடிக்க மாட்டேன்."

டீச்சர் அவளைத் திட்டியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம், தன் ஓய்வூதியத்தை நினைத்துப் பயந்திருக்கலாம். அவர் கொடிக்கம்பத்தின் நிழலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நிழல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்றது நின்றபடி இருந்தது. அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அப்போ எட்டாவது பீரியட் இன்னும் நடக்குது, எல்லாரும் உள்ள போங்க" என்றார். அட்டவணைப்படி எட்டாவது பீரியட் நீதிபோதனை. நீதி இதுவரைக்கும் போதித்தது போதும் என்று சொல்லி அவர் கணக்கு எடுத்தார்.

கட்டடத்தை எடுக்கவிருந்த காண்டிராக்டர் ஒரு ஆளை அனுப்பினார். அவன் தண்டவாளத்தைச் சுத்தியலால் அடித்தான், சம்மட்டியால் அடித்தான், கடைசியில் காலால் உதைத்துவிட்டு நொண்டிக்கொண்டு போனான். துரு உதிர்ந்ததே தவிர சத்தம் வரவில்லை. கடைசியாக வந்தவள் அவள், அடிக்க வேண்டியவள் அவள், இதில் தண்டவாளத்தின்மேல் என்ன தப்பு என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

முதல் இரண்டு நாள், நாள் என்று சொல்வது பழக்கதோஷம், கொஞ்சம் தடுமாறினோம். பிறகு ஊர் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. தூக்கம் வந்தவர்கள் கடலைச் சாக்கைப் பிரித்து ஜன்னலில் அடித்துக்கொண்டு தூங்கினார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உலகம் வழக்கம்போல இருட்டியது, விடிந்தது. பாலத்தைத் தாண்டி உள்ளே வருகிற டவுன் பஸ் நிலா வெளிச்சத்திலிருந்து மஞ்சள் வெயிலுக்குள் ஏறி வரும். கண்டக்டர் "இருட்டுக்குப் போறவங்க எல்லாம் ஏறு" என்று கூப்பிட, பாயும் தலையணையுமாகக் கூட்டம் ஏறிப் பாலத்துக்கு அப்பால் புளியந்தோப்பில் படுத்துவிட்டு வந்தது. பள்ளிவாசலில் பக்கத்து ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தொழுகைக்கு அழைத்தார்கள், பிள்ளையார் கோயில் குருக்கள் அந்த அழைப்பைக் கேட்டு விளக்கேற்றினார். மின்வாரியத்துக்காரர்கள் தெருவிளக்கைப் போட மறந்தே போனார்கள். களத்தில் காயப்போட்ட கடலை காய்ந்து, மறுபடியும் காய்ந்து, கிலுகிலுப்பை ஆனது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கு முகூர்த்தம் என்று வந்து இறங்கிச் சமையல் பாத்திரங்களை நாலு தடவை கழுவிக் கவிழ்த்தார்கள். மில் வேன் தினமும் காலை ஏழு மணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. டிரைவர் கையிலிருந்த துண்டுக் காகிதத்தில் வெள்ளிக்கிழமை கூட்டிவரவும் என்று எழுதியிருந்தது, இந்தப் பக்கம் வியாழக்கிழமை என்றதும் அவன் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

மஞ்சள் வேன்கள் ஓடவில்லை. ஊருக்குள்ளேயே இருந்த அந்தப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் வியாழக்கிழமையை மூன்றரைக்கே முடித்துவிட்டன, திறப்பதற்கு நாளை வர வேண்டும். எங்கள் பிள்ளைகள் தெருவில் விளையாடிச் சலித்து, ஊரிலேயே பாடம் நடக்கிற ஒரே இடத்தின் சுவரில் ஏறி உட்கார்ந்தார்கள், பிறகு குதித்தார்கள். ஹெலன் டீச்சர் கணக்கில் கெட்டிக்காரி. ஒவ்வொரு பிள்ளையையும் அப்பா அம்மாவோடு வரச் சொல்லிச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதி, எதிரே 'அடுத்த பள்ளி நாள் முதல்' என்று போட்டார். கையெழுத்துப் போடும்போது நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. தாமதப் பதிவேட்டை மட்டும் அவர் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். வேறு யாராவது அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடைசியாக வந்தவர் அவராகிவிடுவார், சுத்தியல் கைமாறிவிடும்.

மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். பாண்டீஸ்வரி போக முடியாது, விதி விதிதான். சத்துணவுக்கூடத்து அக்கா கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு, சுத்தியலைத் தலைக்கு வைத்து வேப்பமரத்தடியில் படுத்து, கண்விழிக்கும்போதெல்லாம் அதே நாலு பத்தைப் பார்த்தாள்.

எல்லாரும் அவள் பக்கம் நின்றோம் என்று சொன்னால் பொய். பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற தனபாக்கியம் ஒரு கூடை மொட்டோடு வந்து அவள் முன்னால் கொட்டினாள்.

"பாத்துக்க தாயி. மல்லி அந்தியிலதான் பூக்கும். உன் வீம்புல மொட்டாவே வாடுது. என் பொழப்பு போச்சு. ஒரே ஒரு அடி, அடிச்சிரு."

பாண்டீஸ்வரி அழுதாள். அதுவரை அழாதவள்.

"எனக்கும் நாளைக்கு வேணும்க்கா. பரீட்சை எழுதணும்ல. நாளைக்கு வந்தாத்தானே பரீட்சை வரும். ஆனா நாளைக்கு வரையில பள்ளிக்கூடமும் இருக்கணும்க்கா. அதைத்தான் கேக்குறேன்."

தனபாக்கியம் மொட்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். கிளம்பவில்லை. எட்டாம் வகுப்பின் ஜன்னலைப் பார்த்தபடி, "அந்தா, அந்தக் கம்பி ஓரந்தான் என் எடம். பெரிய மனுஷி ஆனதும் நிப்பாட்டிட்டாங்க" என்றாள். பிறகு உள்ளே போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள், பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

சின்னக்காளை மட்டும் வாசலுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்து மண்ணில் படுத்துக் கிடப்பதை ஊரே பார்க்கிறது என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "எந்திரிச்சு வாடி! மானத்த வாங்காத!" உள்ளே வந்து இழுத்துப்போக எது அவரைத் தடுத்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த வாசலைத் தாண்டி அவர் காலெடுத்து வைக்கவே இல்லை. மத்தியானம் மில் செய்தி சொல்ல வந்தபோதும் கம்பிக்கு வெளியே நின்றுதான் கத்தினார் என்பது அப்போதுதான் எங்கள் ஞாபகத்துக்கு வந்தது.

"நீ ஏழாவதோட நின்ன. ஏன் நின்னன்னு எனக்கு ஒருநாளும் சொன்னதில்லையேப்பா" என்றாள் மகள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்கு நடந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் காலண்டரில் இருபத்தாறு தாள் கிழிந்த பிறகு கல்வி அலுவலர் ஜீப்பில் வந்தார். பேர் வைத்தியலிங்கம், அமைதியான மனிதர், விதிகளைப் படித்துவிட்டு வந்திருந்தார், அதுதான் ஆபத்து. ஊர் முழுக்க வாசலில் கூடிவிட்டது.

"தாமதப் பதிவேட்டை எடுங்க டீச்சர்" என்றார்.

"அது பிள்ளைங்களுக்குச் சார்."

"எந்தப் பதிவேட்டிலும் எழுத எனக்கு அதிகாரம் இருக்கு. தெரியும்தானே?"

தெரியும். டீச்சரின் விரல்கள் சாவியைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டன. அலுவலர் நின்றபடியே எழுதினார்: பேர், வகுப்புக் கட்டத்தில் பதவி, நேரம் நாலு பத்து, காரணம் அலுவல் பணி. இனி கடைசியாக வந்தவர் அவர்தான். பாண்டீஸ்வரியின் முன்னால் போய்க் கையை நீட்டினார். அவள் சுத்தியலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள், அது அவள் கையிலிருந்து தானே நழுவி அவர் கைக்குப் போனது. கொடிக்கம்பத்தின் நிழல் ஒரு விரற்கடை நகர்ந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்போது சின்னக்காளை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தலையில் சும்மாடு, முதுகெல்லாம் கடலைத் தூசி. வாசலில் ஒரு நொடி நின்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார்.

"லேட்டாயிருச்சு டீச்சர்" என்றார்.

அலுவலர் திரும்பினார். "யாருய்யா நீ?"

"சின்னக்காளை. ஏழாப்பு, ஆ பிரிவு. நான் இன்னும் டி.சி. வாங்கல சார்."

டீச்சர் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து நூல் பிரிந்த பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். பேர் இருந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கியதற்கான கட்டம் முப்பத்தோரு வருடமாகக் காலியாக இருந்தது. "டி.சி. வாங்காத பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைச் சின்னக்காளையிடம் நீட்டினார்.

சின்னக்காளை எழுத்துக் கூட்டி எழுதினார், அலுவலரைப் பார்க்காமல், மகளைப் பார்க்காமல், பதிவேட்டிடமே சொல்வதுபோலச் சொன்னார். "அன்னைக்கு நான்தான் கடைசியா வந்தவன். சாயங்காலம் நான்தான் அடிக்கணும். மத்தியானமே எங்கய்யா வந்து மண்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் இல்லைன்னு எனக்கு முன்னாடி வந்தவன் அடிச்சான். அந்தச் சத்தம் மண்டி வரைக்கும் கேட்டுச்சு. மூட்டை தலையில இருந்துச்சு, காதைப் பொத்த முடியல." காரணம் என்ற கட்டத்தில் அவர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: மூட்டை.

அலுவலர் சுத்தியலை ஓங்கி அடித்தார். துரு உதிர்ந்தது. இன்னொரு முறை அடித்தார். அவ்வளவுதான்.

சின்னக்காளைக்குப் பின்னால் வாசலிலிருந்து பாலம் வரைக்கும் ஒரு வரிசை நின்றது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. டி.சி. வாங்காதவர்கள் எங்கள் ஊரில் அத்தனை பேர் என்று எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், லேட்டாயிருச்சு டீச்சர் என்றார்கள், எழுதினார்கள். தனபாக்கியம் எட்டாம் வகுப்பிலிருந்து வெளியே போய் வரிசையில் நின்று முறையாக உள்ளே வந்தாள். காரணம்: பெரிய மனுஷி ஆனது. காரணம்: மாடு மேய்க்க. காரணம்: சட்டை இல்லை. காரணம்: கல்யாணம். காரணம்: தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காரணம்: தீப்பெட்டி ஒட்ட. காரணம்: ஒரு வாத்தியார் சாதியைச் சொல்லித் திட்டினார். காரணம்: மழை பெய்யவில்லை. எழுத மறந்துபோனவர்களுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். நான் ஆறாம் வகுப்பு, அ பிரிவு. என் காரணத்தை இங்கே சொல்ல மாட்டேன், அது பதிவேட்டில் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து படித்துக்கொள்ளுங்கள்.

அலுவலர் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். பக்கம் திருப்பினார். படித்தார். டீ இரண்டு தடவை வந்து ஆறியது. பிறகு சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு, அடுத்த பள்ளி நாள் முதல் என்று எழுதியிருந்த முந்நூற்று எட்டுப் பேர்களையும் படித்தார். உத்தரவை எடுத்துக் குறுக்கே ரத்து என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார்.

"தேதி தப்பு சார்" என்றார் ஹெலன் டீச்சர். "இங்க இன்னும் வியாழக்கிழமைதான்."

அவர் அடித்துத் திருத்தினார். டீச்சர் விடவில்லை, அந்தத் தாளை உரக்க வாசிக்க வைத்தார், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று சொல்லி இரண்டாம் தடவையும் வாசிக்க வைத்தார்.

இதற்கிடையில் பாண்டீஸ்வரியை யாரும் கவனிக்கவில்லை. கடைசியாக வந்தவள் அவள் இல்லை என்று ஆனதும் அவள் கால்கள் விடுபட்டிருந்தன. இருபத்தாறு தாளுக்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டி வெளியே போயிருந்தாள், வரிசையின் ஆகக் கடைசியில் போய் நின்றிருந்தாள், எல்லாரும் வந்து முடித்த பிறகு உள்ளே வந்தாள்.

"லேட்டாயிருச்சு டீச்சர்."

பேர் எழுதினாள், பத்தாம் வகுப்பு எழுதினாள், நேரம் நாலு பத்து எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், அப்பா வரட்டும் என்று நின்றேன் என்று எழுதினாள். சின்னக்காளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். படித்து முடித்ததும் சும்மாட்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனிதர் அழுதது மண்டியில் யாரும் பார்த்ததில்லை. நாங்கள் முந்நூறு பேர் பார்த்தோம், ஒருத்தரும் வேறுபக்கம் திரும்பவில்லை.

சுத்தியலை அலுவலரிடமிருந்து அவள் வாங்கிக்கொண்டாள். "அடிக்கவாப்பா?" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் அடித்தாள், முப்பத்தோரு வருடத்துக்கும் சேர்த்து அடித்தாள், நாங்கள் எல்லாரும் தோள்பட்டையைத் தடவிக்கொண்டோம். சூரியன் கிடுகிடுவென்று இறங்கியது. தனபாக்கியத்தின் கூடையில் மொட்டுகள் பூத்தன, வாடிப்போனவையும் பூத்தன. ஊர் அப்படியே நின்ற இடத்தில் உட்கார்ந்து, படுத்து, தூங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மில் வேன் பாலத்தைத் தாண்டி எங்கள் தெருவுக்கே வந்து ஹாரன் அடித்தது. சின்னக்காளை வெளியே வந்தார். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது, வண்டிய எடு. இந்தத் தெருவுக்கு இனிமே வராத" என்றார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகாதவர், வேன்காரனுக்கு நன்றாகக் கேட்டது.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. பாண்டீஸ்வரி ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். நேற்று நடந்ததற்காக ஹெலன் டீச்சர் ஒன்றும் சலுகை காட்டவில்லை, பதிவேட்டைத் தள்ளி வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

இப்போதும் நாலு பத்துக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. பாண்டீஸ்வரி பரீட்சை எழுதித் தேறி மேலே படிக்கப் போய்விட்டாள், அடிப்பது வேறு பிள்ளைகள். ஆனாலும் நாலு ஒன்பதுக்கு மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் கையை நிறுத்துகிறார்கள், தனபாக்கியம் நாரை வாயில் கடித்தபடி காதைத் தீட்டிக்கொள்கிறாள், பஸ் கண்டக்டர் விசில் ஊதுவதில்லை. மேலிடத்திலிருந்து எப்போது என்ன தாள் வரும் என்று யாருக்குத் தெரியும். வந்தால் வரட்டும். ஜன்னலில் அடித்த சாக்கை எங்கள் ஊரில் இன்னும் ஒரு வீட்டிலும் கழற்றவில்லை.